வாசகர் கேள்வி – பதில்: நீர்த்தேக்கத்தில் நீந்தும் முன்

கேள்வி: கோடை தொடங்கிச் சில வாரங்கள் ஆகியும், நீர்த்தேக்கத்தில் இறங்கினால் உடம்பு வெடவெடக்கிறது. இவ்வளவு வெயில் அடித்தும் தண்ணீர் ஏன் சூடேறவில்லை?

பதில்: தண்ணீர் மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தவே ஏறத்தாழ 4.2 கிலோஜூல் வெப்பம் தேவைப்படும்போது, ஒரு பெரிய நீர்த்தேக்கம் முழுவதும் சூடேற எவ்வளவு காலம் பிடிக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். குளிர்காலமும் கோடையும் தெளிவாகப் பிரிந்திருக்கும் பகுதிகளில், ஆண்டின் மிக நீண்ட பகல் கடந்து பல வாரங்களான பிறகே மேற்பரப்பு நீர் தன் உச்ச வெப்பத்தை எட்டுகிறது. ஆகவே காற்று சுட்டெரிக்க, நீர் இன்னும் குளிர்காலத்திலேயே நிற்கும் கோடைத் தொடக்கம்தான் ஆண்டிலேயே மிகவும் ஏமாற்றக்கூடிய காலம். வானிலை அறிக்கையில் வரும் வெப்பநிலை காற்றுக்கு உரியது. அதை வைத்து நீரைக் கணிக்கக் கூடாது.

கேள்வி: மார்பளவு நீர் வெதுவெதுப்பாக இருக்கும்போதே கால்களில் மட்டும் சில்லென்ற குளிர்ச்சி படுகிறது. அடியில் ஊற்று ஏதேனும் இருக்குமா?

பதில்: ஊற்று இருக்க வேண்டிய அவசியமில்லை. வெயிலில் சூடேறிய நீர் அடர்த்தி குறைந்து மேலே நிற்கிறது; குளிர்ந்த நீர் கனத்து அடியில் தங்குகிறது. நன்னீர் மிக அதிக அடர்த்தி கொள்வது சுமார் 4 டிகிரி செல்சியஸில். இதனால் கோடையில் ஆழமான நீர்த்தேக்கம் இரண்டு அடுக்குகளாகப் பிரிந்து, அவற்றுக்கிடையே சில மீட்டர் தடிமனுள்ள ஒரு பகுதியில் வெப்பநிலை சடசடவென்று இறங்குகிறது. மேலடுக்கு மெல்லியதாக இருக்கும் நாட்களில் நிமிர்ந்து மிதப்பவரின் பாதம் கீழுள்ள குளிர்நீரைத் தொட்டுவிடும். தலைகீழாகப் பாய்பவரோ ஒரே நொடியில் அதற்குள் போய்விடுவார். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து கனக்கும்போது காற்றின் உதவியோடு இரண்டு அடுக்குகளும் மீண்டும் கலந்துவிடுகின்றன.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் பழக்கப்பட்ட நீச்சல்காரர்கள்கூட இதைக் கவனிப்பதில்லை. பலத்த காற்று தொடர்ந்து வீசினால், வெதுவெதுப்பான மேல்நீர் காற்று போகும் திசையிலுள்ள கரைக்குத் தள்ளப்பட்டு, எதிர்க்கரையில் அடிநீர் மேலெழுகிறது. நேற்று சுகமாக நீந்திய அதே இடத்தில் இன்று பல டிகிரி குறைந்திருக்கலாம். நீந்தும் இடத்திலேயே, நீந்தும் நாளன்றே, கயிற்றில் கட்டிய வெப்பமானியை மேற்பரப்பிலும் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்திலும் இறக்கிப் பாருங்கள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

கேள்வி: எத்தனை டிகிரி வரை நீந்துவது பாதுகாப்பானது? நன்கு நீந்தத் தெரிந்தவர்களும் கரைக்குப் பக்கத்திலேயே மூழ்கிப்போகிறார்களே, சில நிமிடங்களில் உடல் அத்தனை குளிர்ந்துவிடுமா?

பதில்: எல்லாருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது, ஆயினும் சில அளவுகோல்கள் உதவும். போட்டிகள் நடக்கும் நீச்சல் குளங்களில் நீர் சுமார் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும். திறந்தவெளி நீச்சலுக்கான சர்வதேசப் போட்டி விதிகள் 16 டிகிரிக்குக் கீழும் 31 டிகிரிக்கு மேலும் போட்டியை அனுமதிப்பதில்லை. இவை பயிற்சி பெற்ற வீரர்களுக்கு, காப்புப் படகுகள் சூழ்ந்திருக்கும் நிலையில் வகுத்த எல்லைகள். பழக்கமில்லாதவருக்கு 20 டிகிரியே குளிர்தான்; 15 டிகிரிக்குக் கீழே உள்ள நீரை அபாயமானதாகவே கருத வேண்டும்.

மரணம் நேர்வது பெரும்பாலும் உடல் முழுதும் குளிர்ந்துபோவதால் அல்ல. குளிர்நீர் தோலில் பட்டதும் நம்மையறியாமல் ஒரு பெருமூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது; அந்தக் கணத்தில் முகம் நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். அதைத் தொடர்ந்து மூச்சு இரைக்கிறது, இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் எகிறுகின்றன. இதயக் கோளாறு உள்ளவர்களுக்கு இதுவே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். இந்த அதிர்ச்சி ஓரிரு நிமிடங்களில் தணியும். ஆனால் அடுத்த பத்து நிமிடங்கள் அளவில் கைகால்களின் நரம்புகளும் தசைகளும் குளிர்ந்து, விரல்கள் விரிந்தபடியே நின்று, கை வீசியும் உடல் முன்னே நகராத நிலை வரும். நீச்சல் திறமை அப்போது கைகொடுக்காது. உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது இதற்கெல்லாம் பிறகுதான். மிகக் குளிர்ந்த நீரிலும் பெரியவர்களுக்கு அதற்குப் பெரும்பாலும் அரை மணி நேரம் ஆகும்.

எனவே பாறையிலிருந்தோ படகிலிருந்தோ குதிக்க வேண்டாம். நடந்து இறங்கி, முகத்தையும் கழுத்தையும் நனைத்து, மூச்சு சீரான பிறகே நீந்தத் தொடங்குங்கள். தவறி விழுந்துவிட்டால் உடனே கரையை நோக்கிப் போராடாமல், மல்லாந்து, காதுகள் நனையத் தலையைப் பின்னே சாய்த்து, மூச்சு கட்டுக்குள் வரும்வரை மிதந்திருங்கள். நன்னீரின் அடர்த்தி கடல்நீரைவிடக் குறைவு என்பதால் உடல் சற்று ஆழ்ந்தே மிதக்கும். பளிச்சென்ற நிறமுள்ள இழுவை மிதவை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொள்வது மிக நல்லது.

கேள்வி: அணைக்கு அருகிலும், மதகுக்குக் கீழேயுள்ள ஆற்றிலும் நீந்தலாமா?

பதில்: கூடாது. மதகின் இழுவிசை மேலே தெரியாது. பக்கத்தில் போன பிறகு அதை எதிர்த்து நீந்தவும் முடியாது. அணைக்குக் கீழே இரண்டு ஆபத்துகள் உண்டு. நீர் முன்னறிவிப்பின்றித் திறக்கப்படலாம். அடிமட்ட மதகு வழியே வருவது கோடையிலும் கடுங்குளிரான அடிநீராக இருக்கலாம். நீர்மட்டம் இறங்கிய காலத்தில் கரையோரச் சேற்றிலும், மூழ்கிக் கிடந்த அடிமரங்களிலும் கால் சிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: நீர் நன்றாகச் சூடேறிய பின் கவலையின்றி நீந்தலாம் அல்லவா?

பதில்: குளிர் அதிர்ச்சி குறையும், வேறு தொல்லை வரும். வெப்பமான, அசைவற்ற, உரச்சத்து கலந்த நீரில் நீலப்பச்சைப் பாசி பெருகி, பச்சை பெயின்டைக் கொட்டியதுபோல் கரையோரம் திரளும். அதில் சில வகைகள் கல்லீரலையும் நரம்புகளையும் தாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. கண்ணால் பார்த்து நஞ்சுள்ளதா இல்லையா என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த நீரில் இறங்கவோ, குழந்தைகளையும் நாய்களையும் இறங்க விடவோ வேண்டாம். வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஓர் அமீபா மூக்கின் வழியே மூளைக்குச் செல்லக்கூடும். இது மிக அரிது, ஆனால் வந்தால் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. மூக்கு கிளிப் அணிவதும், அடிச்சேற்றைக் கலக்காமலிருப்பதும் அந்த ஆபத்தைக் குறைக்கும்.

கேள்வி: கரையேறிய பிறகுதான் எனக்கு நடுக்கம் கூடுகிறது. இது இயல்பா?

பதில்: இயல்புதான். நீரைவிட்டு வெளியேறிய பின்னும் சிறிது நேரம் உடலின் உள்வெப்பம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஈர உடையை உடனே களைந்து, துடைத்து, மேலுடலிலிருந்து தொடங்கிப் பல அடுக்காக உடுத்திக்கொள்ளுங்கள். இனிப்பான சூடான பானம் நல்லது, மது அறவே வேண்டாம். கொதிக்கும் வெந்நீரில் உடனே குளித்தால் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரலாம். நடுக்கம் முழுதும் நிற்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள். பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் உடல் சூடேறாமலே நடுக்கம் நின்று சோர்ந்துபோனாலோ, அவரைப் படுக்கவைத்துப் போர்த்திவிட்டு உடனடியாக ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.