பூக்காத கொன்றையும் சிமெண்ட் பூசிய செண்பகமும்: வாசகர் கேள்வி-பதில்

சித்திரை வந்துவிட்டால் வழக்கமாக வரும் கேள்விதான் இந்த முறையும் அதிகம்: ஊரெல்லாம் சரக்கொன்றை பூத்துத் தொங்குகிறது, எங்கள் வீட்டில் மட்டும் ஏன் இல்லை? ஒரே மாதிரி வந்த கடிதங்களைச் சேர்த்து ஒரே பதிலாகக் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி (திருச்சி): கொன்றை வைத்து 6 வருடம் ஆகிறது. 15 அடி உயரம், இலை செழிப்பாக இருக்கிறது. தினமும் தண்ணீர் விடுகிறேன், மாதம் ஒரு கை யூரியா போடுகிறேன். ஒரு பூ கூட இல்லை.

பதில்: பூக்காததற்குக் காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். யூரியா தழையைத்தான் வளர்க்கும். வயலுக்குச் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலும் கொன்றைக்கும் பொருந்தும். தை பிறந்ததும் தண்ணீரைக் குறையுங்கள். மாசி, பங்குனியில் 15 நாளுக்கு ஒருமுறை போதும். மண் காய்ந்தால்தான் மரம் பழைய இலையை உதிர்த்துப் பூச்சரம் விடும். யூரியாவை அடியோடு நிறுத்துங்கள். ஆடி மாதத்தில் இரண்டு கூடை மக்கிய தொழுஉரம் போட்டால் வருடம் முழுவதுக்கும் சரி. அதையும் தண்டை ஒட்டிக் குவிக்காமல், கிளைகளின் நுனிக்கு நேர் கீழே வட்டமாகப் போடுங்கள். விதையிலிருந்து வந்த கொன்றை பூக்க 5 முதல் 8 வருடம் ஆகும், அதனால் இன்னும் பதற வேண்டியதில்லை. ஒன்று மட்டும் நீங்கள் எழுதவில்லை: வெயில் எவ்வளவு? பக்கத்து மாடியின் நிழலில் அரை நாள் நிற்கும் கொன்றை இலையோடுதான் நிற்கும்.

கேள்வி (கும்பகோணம்): கோயில் கொன்றையிலிருந்து காய் எடுத்து 20 விதை போட்டேன். ஒரு மாதமாகியும் ஒன்றும் முளைக்கவில்லை.

பதில்: விதைத்தோல் கடினமானது, தண்ணீர் உள்ளே போகாது. விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் தேய்த்து, உள்நிறம் லேசாகத் தெரிந்ததும் ஓர் இரவு ஊறப்போடுங்கள். உப்பியதை விதையுங்கள். உப்பாததை மறுபடி தேயுங்கள்.

கேள்வி (தென்காசி): கொன்றை இலை முழுவதையும் பச்சைப் புழுக்கள் தின்றுவிட்டன. எந்த மருந்து அடிக்கலாம்?

பதில்: எதுவும் அடிக்காதீர்கள். பெரும்பாலும் அவை உங்கள் தோட்டத்தில் பறக்கும் வெளிர் மஞ்சள் வண்ணத்துப்பூச்சியின் புழுக்களாகத்தான் இருக்கும். அவற்றுக்குக் கொன்றை இலைதான் சோறு. வளர்ந்த மரம் இரண்டு, மூன்று வாரத்தில் மறுபடி தழைத்துவிடும். மூன்றடிக்குக் குறைந்த கன்று என்றால் கையால் பொறுக்கி எடுத்துவிடுங்கள்.

கேள்வி (சேலம்): 12 வருடச் செண்பக மரம். போன வருடம் முற்றம் சுத்தமாக இருக்கட்டும் என்று மரத்தடி வரை சிமெண்ட் தளம் போட்டோம். மரத்தைச் சுற்றி அழகாக ஒரு மேடை கட்டிச் செம்மண் நிரப்பினோம். இப்போது இலை மஞ்சளாகிறது, நுனிக்கிளைகள் காய்கின்றன. என்ன உரம் போடலாம்?

பதில்: உரம் கேட்கிறீர்கள். மூச்சை அடைத்துவிட்டு டானிக் கொடுப்பது போன்றது அது. இதே கேள்வி வருடத்துக்கு நாலைந்து முறை வருகிறது. மரத்தின் பெயர் மட்டும்தான் மாறுகிறது: செண்பகம், மகிழம், மந்தாரை.

வேருக்குக் காற்று வேண்டும். தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பாதாளத்தில் இல்லை. பெரும்பகுதி மேல்மண்ணின் ஒன்று, ஒன்றரை அடிக்குள்ளேயே இருக்கின்றன, கிளை நிழலையும் தாண்டிப் பரவியிருக்கின்றன. அதன் மேல் தளம் போட்டால் மழைநீர் முழுக்கத் தெருவுக்கு ஓடிவிடும். வெயிலில் சூடேறும் சிமெண்ட் அடிமண்ணையும் சுட வைக்கும். போதாததற்குச் சிமெண்டில் உள்ள சுண்ணாம்பு மண்ணில் இறங்கிக் காரத்தன்மையைக் கூட்டும். லேசான புளிப்பு மண்ணை விரும்பும் செண்பகத்தால் அந்த மண்ணிலிருந்து இரும்புச்சத்தை எடுக்க முடியாது. இளம் இலையைப் பறித்துப் பாருங்கள். நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் இதுதான் காரணம்.

மேடை அதைவிடக் கெடுதல். தண்டின் பட்டை மண்ணுக்கு வெளியே இருக்கப் பிறந்தது. ஒரு அடி உயரத்துக்கு ஈரமண்ணால் மூடினால் அது அழுகும், பூஞ்சாணம் நுழையும், கறையான் ஏறும். தண்டைப் புதைக்காதீர்கள் என்று எத்தனை தடவை எழுதினாலும், மேஸ்திரி வந்து "மேடை கட்டினா பார்க்க நல்லா இருக்கும்" என்றதும் தலையாட்டிவிடுகிறோம். 12 வருடம் வளர்த்தவர் நீங்கள். அந்த மரத்தைப் பற்றி முடிவு எடுக்க வேண்டியவர் மேஸ்திரி இல்லை.

தெருக்களிலும் இதே கதைதான். நடைபாதை போடுகிறவர்கள் அடிமரத்தை ஒட்டிப் பூசிவிட்டுப் போகிறார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. காற்றையும் மர வகையையும் மட்டும் குறை சொன்னோம். வேர் பரவ இடமே கொடுக்காமல் நாலு பக்கமும் பூசிவைத்ததைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். மேடையை இந்த வாரமே இடியுங்கள். நிரப்பிய செம்மண்ணை, தண்டு அடியில் விரிந்து வேராகப் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரியும் வரை கையால் அகற்றுங்கள். தளத்தைக் குறைந்தது தண்டிலிருந்து நாலடி சுற்றளவுக்கு... இல்லை, தெளிவாகவே சொல்கிறேன், தண்டிலிருந்து எல்லாப் பக்கமும் நாலடி தூரத்துக்குப் பெயர்த்தெடுங்கள். உளியும் சுத்தியலும் போதும், இயந்திரம் வேண்டாம், வேர் நசுங்கும். திறந்த மண்ணில் ஒரு அங்குலம் மக்கிய உரம், அதன்மேல் மூன்று அங்குலம் காய்ந்த சருகு. சருகும் தண்டைத் தொடக்கூடாது, ஒரு கையளவு இடைவெளி விடுங்கள். வாரம் ஒருமுறை நன்றாக ஊறும்படி தண்ணீர். காய்ந்த நுனிகளை மட்டும் வெட்டுங்கள். புதுத்துளிர் வரும் வரை வேறு உரம் கிடையாது. மரம் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஒரு வருடமாவது பொறுக்க வேண்டும். மீதி முற்றத்தில் சேறு ஆகாமல் இருக்க வேண்டுமென்றால் ஜல்லி பரப்புங்கள், நீர் இறங்கும்.

கேள்வி (ஊர் எழுதவில்லை): எங்கள் வீட்டு மரம் காய்ந்துகொண்டே வருகிறது. உடனே வழி சொல்லவும்.

பதில்: என்ன மரம்? எத்தனை வயது? எந்த ஊர், என்ன மண், கிணற்றுத் தண்ணீரா போர்த் தண்ணீரா? இதில் ஒன்றுகூட இல்லாமல் என்ன சொல்வது? முழு விவரத்தோடு மறுபடி எழுதுங்கள். அதற்குள் தண்டின் அடியைப் பாருங்கள். மண்ணோ எருவோ குவிந்திருந்தால் அகற்றுங்கள்.

கேள்வி (தாம்பரம்): வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் இடையே 6 அடி இருக்கிறது. சிவப்பாகப் பூக்கும் குல்மொஹர் வைக்கலாமா?

பதில்: கூடாது. மடகாஸ்கரிலிருந்து வந்த மரம் அது, குடை போல விரியும் இயல்பு. வேர் மேலாகவே ஓடிச் சுவரைத் தூக்கும், கிளை காற்றில் முறியும். வீட்டிலிருந்து 25 அடியாவது தள்ளி வைக்க இடமிருப்பவர்களுக்கே அது. மரமல்லியும் உங்களுக்கு வேண்டாம், மணம் அருமைதான், ஆனால் உயரமாகப் போய் ஒடிகிற மரம், வேரிலிருந்து கன்று வேறு கிளம்பிக்கொண்டே இருக்கும். 6 அடி இடைவெளிக்குப் பவளமல்லி அல்லது மஞ்சள் மந்தாரை. இரண்டையும் வெட்டி அடக்கி வளர்க்கலாம்.

கேள்வி (மதுரை): பவளமல்லி மாடி உயரத்துக்குப் போய்விட்டது. பூ உச்சியில் மட்டும்தான், கீழே குச்சியாக நிற்கிறது.

பதில்: பூ முடிந்தபின், தை கடைசி அல்லது மாசியில் பாதி உயரத்துக்கு வெட்டுங்கள். புதுக்கிளையில்தான் நன்றாகப் பூக்கும். பயப்படாதீர்கள், வெட்டைத் தாங்கும் மரம்.

கேள்வி (கோவை): மாதாமாதம் வேலையாள் வந்து எல்லா மரத்தையும் சமமாகக் கத்தரிக்கிறார். பூமருது பூப்பதே இல்லை.

பதில்: பூமருதின் பூங்கொத்து புதுக்கிளையின் நுனியில் வரும். மாதாமாதம் நுனியை வெட்டினால் எங்கிருந்து பூக்கும்? வருடத்துக்கு ஒருமுறை, பனிக்காலம் முடியும்போது போதும்.

கேள்வி (நாகர்கோவில்): ஈழத்தலரிக் கிளையை வெட்டி உடனே நட்டேன், தினமும் தண்ணீர் ஊற்றியும் அழுகிவிட்டது.

பதில்: தினமும் ஊற்றியதால்தான் அழுகியது. வெட்டிய கிளையை நிழலில் ஒரு வாரம், பத்து நாள் போட்டுப் பால் காய்ந்து வெட்டுவாய் ஆறிய பிறகு, மணல் கலந்த மண்ணில் நடுங்கள். இலை வரும் வரை மண் நன்றாகக் காய்ந்தால் மட்டும் கொஞ்சம் தண்ணீர். பால் கண்ணில் படக்கூடாது.

கேள்வி (புதுச்சேரி): ஹாங்காங் மந்தாரை விதை எங்கே கிடைக்கும்?

பதில்: கிடைக்காது. அது காய்க்காத கலப்பின மரம். ஒட்டுக்கன்று அல்லது பதியம்தான். விதை என்று பாக்கெட்டில் விற்றால் அது வேறு மந்தாரை.

கேள்வி (ஈரோடு): வீட்டில் 2 வயதுக் குழந்தை இருக்கிறது. வாசலில் மஞ்சள் அரளி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். எல்லாப் பாகமும் நஞ்சு, விதை இதயத்தையே நிறுத்தும். மஞ்சள் பூதான் ஆசை என்றால் மேலே சொன்ன மஞ்சள் மந்தாரை.

கேள்வி (தஞ்சாவூர்): நாகலிங்கக் கன்று ஒன்று பரிசாக வந்தது. கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் மண் இருக்கிறது, அங்கே நடலாமா?

பதில்: அதன் காய் பீரங்கிக் குண்டு அளவுக்குப் பருத்துக் கீழே விழும். காருக்கும் ஆகாது, கீழே நிற்பவர் தலைக்கும் ஆகாது. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையோ தோப்போ இருந்தால் நடுங்கள், இல்லையென்றால் இடமுள்ள கோயிலுக்கோ பள்ளிக்கோ கொடுத்துவிடுங்கள். எங்கே நட்டாலும் பிளாஸ்டிக் பையை முழுதாகக் கிழித்து எடுத்துவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும் வேரைப் பிரித்துவிட்டு, பையில் மண் இருந்த மட்டத்திலேயே நடச் சொல்லுங்கள்.