பூங்காவுக்கு டிக்கெட் போட்டால் சரியாகிவிடுமா?

கேள்வி: பேரனை அழைத்துக்கொண்டு எங்கள் பகுதிப் பூங்காவுக்குப் போனேன். ஊஞ்சல் அறுந்து கிடக்கிறது, கழிப்பறை பூட்டியிருக்கிறது, சுவரோரம் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் நடக்க வேண்டும். மூலைக்கு மூலை காதல் ஜோடிகள் வேறு. சிங்கப்பூரில் மகன் வீட்டுக்குப் போனபோது பார்த்த தோட்டங்களை நினைத்து வயிறு எரிந்தது. நம் ஜனங்களுக்குப் பொதுச்சொத்தின் அருமை தெரியாது. ஆளுக்கு இருபது ரூபாய் டிக்கெட் போட்டால் திருந்துவார்கள் அல்லவா?
(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வயிறு எரிந்தது நியாயம்தான். ஆனால் எரிச்சலில் பழியைக் கொண்டுபோய் ஜனங்கள் தலையில் இறக்கிவிட்டீர்கள்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் காலை என் வீட்டுப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். அங்கேயும் இதே கதை. மூன்று ஊஞ்சலில் இரண்டுக்குப் பலகை இல்லை. சங்கிலியைச் சுருட்டி மேல் கம்பியில் கட்டி வைத்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒன்றின் கொக்கி பாதியாகத் தேய்ந்து, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிரீச் என்றது. யாரும் உடைக்கவில்லை ஐயா. பிள்ளைகள் ஆடினார்கள், தேய்ந்தது. கொக்கியை மாற்ற ஆள் வரவில்லை, அவ்வளவுதான்.

கழிப்பறை ஏன் பூட்டியிருக்கிறது என்று காவலாளியிடம் கேட்டேன். "மோட்டார் காயில் போயிடுச்சு சார். எழுதிக் குடுத்தாச்சு" என்றார். எழுதிக் கொடுத்தது எப்போது? "மழைக்கு முன்னாடி." சாவியைக் கொண்டுவந்து திறந்தும் காட்டினார். உள்ளே துடைப்பம், புல் வெட்டும் மெஷின், கல்லாக இறுகிப்போன இரண்டு சிமென்ட் மூட்டை. காவல், பெருக்கல், செடிக்குத் தண்ணீர் எல்லாம் அவர் ஒருவர்தான். தண்ணீர் என்றால் தெருக்குழாயில் இரண்டு குடம் பிடித்து வந்து வாசலில் இருக்கும் செடிகளுக்கு மட்டும். மீதிப் புல்தரை காய்ந்து சருகாகிவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். காயில் கட்டுவது இரண்டு நாள் வேலை. அது நடக்காததால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லாததால் கழிப்பறைக்குப் பூட்டு. பூட்டியிருப்பதால் எட்டு வடிவில் நடை போட வந்த சர்க்கரை நோயாளி சுவரோரம் ஒதுங்குகிறார். நீங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஜனங்களுக்கு அருமை தெரியவில்லை என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள்.

சிங்கப்பூருக்கு வருவோம். அங்குள்ள தாவரவியல் தோட்டத்துக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. உள்ளே இருக்கும் ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும்தான் டிக்கெட். நீங்கள் பார்த்து மயங்கிய மற்றப் பூங்காக்களிலும் பெரும்பாலும் சும்மாதான் நுழைந்திருப்பீர்கள். அங்கே புல் வெட்டுகிறவர்களில் நம் ஊர் இளைஞர்களும் உண்டு. அதே கை, அதே அரிவாள்! அங்கே தினமும் வெட்டச் சொல்லிச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

அப்புறம் அந்த இருபது ரூபாய். பூங்காவை யார் இலவசமாகக் கொடுத்தார்கள்? தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலைகள் போக மிச்ச நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கென்று தானப் பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். பெயர்தான் தானம். அந்த நிலத்தின் விலையை எந்த மனை வியாபாரி தன் கையிலிருந்து போடுவார்? மனை வாங்கியவர்கள் தலையில்தான் விழும். அதற்கு மேல் வருடா வருடம் சொத்து வரி. கட்டிய காசுக்கே மறுபடி டிக்கெட்டா?

டிக்கெட் போட்டால் உங்களுக்கும் எனக்கும் ஒன்றும் ஆகாது. அன்று காலை அரசமரத்தடியில் ஏழெட்டுப் பேர் குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் ஃபேனுக்கடியில் உட்கார இடமில்லாத பிள்ளைகள். இரண்டு வீட்டு வேலைக்கு நடுவில் கால் நீட்ட வந்த அம்மா ஒருவர், பெஞ்சில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். இருபது ரூபாய் என்றால் இவர்கள் வெளியே. காதல் ஜோடிகளை விடுங்கள், அவர்கள் எப்படியாவது இருபது ரூபாய் புரட்டிவிடுவார்கள். அவர்கள் ஊஞ்சலையும் உடைக்கவில்லை, மோட்டாரையும் எரிக்கவில்லை.

எனக்குப் பயம் வேறு. கவனிப்பாரற்ற பூங்காவைப் பார்க்கிறவர்களுக்கு அது காலி மனையாகத் தெரிய ஆரம்பித்துவிடும். சென்னையில் ஆளுநர் டிரெவெல்யன் 1859-இல் தொடங்கிவைத்த பீப்பிள்ஸ் பார்க் 116 ஏக்கர். குளங்கள் இருந்தன, மிருகக்காட்சி சாலை இருந்தது. விக்டோரியா ஹால், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் சொன்னார்கள். மிருகங்களை 1985-இல் வண்டலூருக்கு ஏற்றிவிட்டார்கள். பெரியமேடு பக்கம் மை லேடீஸ் கார்டன் மட்டும் துண்டாக நிற்கிறது.

சரி, நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. உங்கள் பூங்காவின் பராமரிப்பு அநேகமாக ஒப்பந்ததாரர் கையில்தான் இருக்கும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் போதும், டிக்கெட்டில் பாதி. ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். எத்தனை தோட்டக்காரர், எத்தனை துப்புரவுப் பணியாளர், பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், செய்யாவிட்டால் என்ன அபராதம், இதுவரை எவ்வளவு பிடித்தார்கள்? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வந்ததும் ஒரு பிரதி எனக்கு அனுப்புங்கள். அதில் நான்கு பேர் என்று இருந்து பூங்காவில் ஒருவர் நின்றால், மற்ற மூன்று பேரின் சம்பளம் எங்கே போகிறது என்று இதே பக்கத்தில் கேட்கிறேன்.