அன்றன்றைய ஆகாரம்: வாசகர் கேள்வி, அக்கா பதில்

கேள்வி: அக்காவுக்கு ஸ்தோத்திரம். கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கும் விலை பறிப்புக் கூலிக்கே சரியாகப் போகிறது, போன டிசம்பரில் உறைபனி விழுந்து பாதிச் செடி கருகியது. ராத்திரி பதினொன்று, பன்னிரண்டு மணி வரை செல்போனில் பிரசங்கம் கேட்கிறேன், ஆனால் மனசு காய்ந்துதான் கிடக்கிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்துதான் தெரிகிறது. “உனக்கு விசுவாசம் குறைவு, அதனால்தான் ஆசீர்வாதம் தடைபடுகிறது” என்று எங்கள் ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னார். உண்மையா அக்கா? (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, முதலில் அந்தக் கடைசிப் பேச்சை எடுத்து வெளியே போட்டுவிடுங்கள். பனி விழுவதும் குன்னூர் ஏலத்தில் விலை இறங்குவதும் உங்கள் விசுவாசத்தைத் தராசில் நிறுத்துப் பார்த்து நடப்பதில்லை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவர் செடியும் அதே ராத்திரியில்தான் கருகியது. எல்லாவற்றையும் இழந்து உட்கார்ந்திருந்த யோபுவின் சிநேகிதர்களும் இப்படித்தான் “உன் கஷ்டத்துக்கு நீதான் காரணம்” என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பேசினார்கள், கடைசியில் கர்த்தர் கோபப்பட்டது அவர்கள்மேல்தான், புலம்பிய யோபுவின்மேல் அல்ல. யோபு புத்தகத்தின் 42ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசியுங்கள்.

சரி, காய்ந்துபோன மனசுக்கு வருவோம், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். யாத்திராகமம் 16இல் மன்னாவைப் பற்றி வருகிறது இல்லையா, வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்குக் கர்த்தர் வானத்திலிருந்து கொடுத்த ஆகாரம், தலைக்கு ஒரு ஓமர் அளவு, அன்றைக்குள்ளதை அன்றைக்குச் சேர்க்க வேண்டும், ஓய்வுநாளுக்கு முந்தின நாள் மட்டும் இரண்டு பங்கு. மற்ற நாளில் மறுநாளுக்கென்று எடுத்து வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறிப்போனது. இது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, பறித்த இலையைச் சாக்கில் அமுக்கி இரண்டு நாள் வைத்தால் சூடேறிச் சிவந்துபோகும், ஃபாக்டரியில் எடுக்க மாட்டார்கள். நள்ளிரவு வரை ஒன்று மாற்றி ஒன்றாக நான்கு பிரசங்கம் கேட்பதும் எனக்கு அப்படித்தான் படுகிறது. கேட்பது தப்பில்லை. ஆனால் பயத்தில் அள்ளிச் சேர்க்கிறோம், மென்று விழுங்க நேரம் கொடுப்பதில்லை.

அதே மன்னாவைப் பற்றி இன்னொன்று. அதன் ருசி தேனிட்ட பணியாரம் மாதிரி இருந்தது என்று யாத்திராகமம் சொல்கிறது. எண்ணாகமம் 11க்கு வந்தால் அதே ஜனங்கள், அதே மன்னா, “எங்கள் உள்ளம் வாடிப்போகிறது, கண் முன்னால் இதைத் தவிர வேறொன்றும் இல்லையே” என்று அழுகிறார்கள். 21ஆம் அதிகாரத்தில் இன்னும் போய் “அற்பமான உணவு” என்றே சொல்லிவிட்டார்கள். அந்த முறுமுறுப்புக்குத் தண்டனையும் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் மன்னா நின்றதா? 40 வருஷம், கானான் எல்லைக்கு வந்து சேரும் வரைக்கும் விழுந்துகொண்டே இருந்தது. ருசி தெரியாத நாளிலும் அதுதான் அவர்களை நடக்க வைத்தது. காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி ருசிக்காது, ஆனால் உடம்பில் ஒட்டத்தான் செய்யும்.

நான் இதைப் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் படுக்கையில் விழுந்த எட்டு மாதம் என்னால் ஜெபிக்க முடியவில்லை, முழங்காலில் நின்றால் தூக்கம்தான் வரும். எங்கள் சபையில் ஒரு அம்மா தினமும் சாயங்காலம் வந்து சமையல்கட்டில் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒரே ஒரு சங்கீதம் சத்தமாக வாசிப்பார். எப்படியிருக்கிறாய் என்றுகூடக் கேட்க மாட்டார். மேகம் இறங்குவதற்குள் கிளம்பிவிடுவார். அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, சொல்லப்போனால் சில நாள் எரிச்சலாகக்கூட இருந்தது. அப்புறம் வருஷம் கழித்து ஒரு நாள் பாத்திரம் கழுவும்போது வாயில் தானாகச் சங்கீத வரிகள் வந்தன, நான் மனப்பாடம் செய்ததே இல்லை.

ஆகவே தம்பி, பத்து மணிக்கு போனை அணைத்துவிட்டுத் தூங்குங்கள், நிஜமாகச் சொல்கிறேன். சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாக வேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசியைக் கர்த்தர் கண்டிக்கவில்லை, தூங்கவிட்டார், தூதனை அனுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி தூங்கவிட்டு மறுபடி கொடுத்தார், பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான். காலையில் தோட்டத்துக்குப் போகும் முன் பத்து வசனம் போதும், மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பியுங்கள். ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 13ஆம் சங்கீதத்தைக் கடன் வாங்கிக்கொள்ளுங்கள், “எதுவரைக்கும்” என்று கேட்பதும் ஜெபம்தான். பேங்க் கடன் ஏதாவது இருந்தால் மேனேஜரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், அதைத் தள்ளிப்போடுவதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்காதீர்கள். வீட்டுக்காரியிடம் கணக்கு முழுவதையும் சொல்லிவிட்டீர்களா? கடிதத்தில் அவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது எனக்குக் கவலையாக இருக்கிறது.

விலை ஏறும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆபகூக் தீர்க்கதரிசி அத்திமரம் துளிர்க்காமல், வயல் விளையாமல், தொழுவத்தில் மாடு இல்லாமல் போனாலும் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்றார், அது தோட்டம் செழித்த பிறகு பாடிய பாட்டு அல்ல.

கேள்வி: ஊட்டியில் நர்ஸாக இருக்கிறேன். ஞாயிறு பெரும்பாலும் நைட் ட்யூட்டி முடிந்து வருவேன், ஆராதனைக்குப் போக முடிவதில்லை. குற்ற உணர்வாக இருக்கிறது.

பதில்: 134ஆம் சங்கீதம் தெரியுமா? மூன்றே வசனம். ராக்காலத்தில் ஆலயத்தில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கென்றே பாடியது, உங்கள் வார்டுக்கு அது நன்றாகப் பொருந்தும், ரவுண்ட்ஸ் நடுவில் சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் தனியாகவே இருந்துவிடாதீர்கள் மகளே. உங்கள் ஆயரிடம் ட்யூட்டி நேரத்தைச் சொல்லி, வார நாளில் திருவிருந்து பெற வழியுண்டா என்று வெட்கப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: என் பாட்டி, தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கூடலூருக்கு வந்தவர், கொழுந்து பறித்தே காலத்தைக் கழித்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. வேதம் வாசித்துக் காட்டச் சொல்வார், ஆனால் எப்போதும் 23ஆம் சங்கீதம்தான் வேண்டுமாம். வேறு பகுதிக்குப் போனால் வளர்ச்சி இருக்குமே?

பதில்: பாட்டி தினமும் சோறுதான் சாப்பிடுகிறார், அதை மாற்றச் சொல்கிறோமா? தமிழில் புதிய ஏற்பாடு அச்சாகி வந்ததே 1715இல், தரங்கம்பாடியில், அதன் பிறகும் நம் முன்னோர் பலர் காதால் கேட்டுத்தான் விசுவாசத்துக்கு வந்தார்கள். “விசுவாசம் கேள்வியினாலே வரும்” என்று பவுல் ரோமருக்கு எழுதியதும் இதுதான். வேறு பகுதியையும் ஒன்றிரண்டு வாசியுங்கள், பிடித்தால் கேட்கட்டும். ஆனால் “மரண இருளின் பள்ளத்தாக்கிலே நடந்தாலும்” என்ற இடம் வரும்போது வாசிப்பதை நிறுத்திவிட்டு, அந்த வசனத்தைப் பாட்டியையே சொல்லச் சொல்லுங்கள். கப்பலேறி வந்த நாளைப் பற்றியும் அப்போது கேளுங்கள்.