எரிபொருள் எத்தனால்: கடலோர வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

பதநீர் தானாகவே புளித்துக் கள்ளாகிறது. எத்தனாலுக்கு மரபணு மாற்றிய பாக்டீரியா எதற்கு? (சாயல்குடி)

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் வெயில் ஏறுவதற்குள் பதநீர் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள சர்க்கரை ஈஸ்ட்டுக்குப் பழகிய உணவு; அதை எத்தனாலாக, அதாவது சாராயமாக மாற்றிவிடுகிறது. ஆனால் நம் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்தின் மரத்தூளைச் சிதைத்தால் குளுக்கோஸோடு சைலோஸ் என்ற வேறொரு சர்க்கரையும் கிடைக்கிறது. சாதாரண ஈஸ்ட் அதை நொதிக்கச் செய்யாது. ஈ.கோலை பாக்டீரியா சைலோஸை உண்ணும், ஆயினும் பெரும்பாலும் அமிலங்களையே தரும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்கிராம் குழுவினர், சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவின் இரண்டு மரபணுக்களை ஈ.கோலைக்குள் சேர்த்து, அமிலமாகப் போவதை எத்தனாலாகத் திருப்பினார்கள். 1991-இல் அமெரிக்கா வழங்கிய 50 லட்சமாவது காப்புரிமை இதற்குத்தான். மரபணுக்களைத் தந்த சைமோமோனாஸோ பனங்கள்ளிலேயே காணப்படும் உயிரி. பனையேறிகளின் ஊரில் இது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூங்கில் மிதவையில் வளர்க்கும் பாசியை எரிபொருளாக்கினால் கூடுதல் விலை கிடைக்குமா? (பாம்பன்)

கிடைக்காது என்பதே என் கருத்து. மிதவையில் வளர்த்து 45 நாளில் அறுவடைக்கு வரும் கப்பாபைகஸ் பாசியில் பத்தில் ஒன்பது பங்கு நீர்தான். மீதியில் விலைமதிப்புள்ளது உணவைக் கெட்டியாக்கப் பயன்படும் கராஜீனன். உணவுத் தொழிலுக்குப் போகும் அதைக் கேலக்டோஸ் என்ற சர்க்கரையாக உடைத்து எரிபொருளாக விற்பது, இடுப்பளவு நீரில் நின்று பாசி கட்டும் பெண்களின் உழைப்பை மலிவாக்கிவிடும். சாற்றைத் திரவ உரமாகவும் கராஜீனனைத் தனியாகவும் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையில் செல்லுலோஸ் இருக்கிறது. அதைச் சர்க்கரையாகச் சிதைத்து நொதிக்க வைக்கலாம். கட்டக்கோரை போன்ற பழுப்புப் பாசிகளிலுள்ள அல்ஜினேட் என்ற மாவுச்சத்து வகையையும் எத்தனாலாக்கும் ஈ.கோலையை 2012-இல் உருவாக்கிக் காட்டினார்கள். எந்தப் பாசியானாலும் உப்பைக் கழுவ நன்னீர் வேண்டும்; நம் மாவட்டத்தில் அதுவே பெருஞ்செலவு.

ஒரு கிலோ சர்க்கரைக்கு எவ்வளவு எத்தனால்? (ஏர்வாடி)

ஒரு கிலோ குளுக்கோஸுக்கு ஏட்டுக்கணக்குப்படி 511 கிராம், அதாவது ஏறத்தாழ 650 மில்லிலிட்டர். எஞ்சியது கரியமில வாயு.

இந்த மரபணு மாற்றிய பாக்டீரியா கடலில் கலந்தால்? (மண்டபம்)

நொதிகலன் மூடியதாக இருக்க வேண்டும், கழிவைச் சூடாக்கிக் கிருமிகளைக் கொன்ற பிறகே வெளியேற்ற வேண்டும். ஆயினும் நான் அதிகம் அஞ்சுவது எத்தனாலை வாலைவடித்துப் பிரித்த பின் எஞ்சும் கழிவுநீரைத்தான்: அதிலுள்ள கரிமப் பொருள் மட்கும்போது நீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். 21 தீவுகளையும் பவளப்பாறைகளையும் கொண்ட மன்னார் வளைகுடாவின் ஓரத்தில் ஆலை கேட்பவர்களிடம், அந்த நீரை எங்கே விடப்போகிறீர்கள் என்று முதலில் கேளுங்கள்.