மலை சரியும் கணக்கு

வணக்கம்.

டேவிட் கீஃபரின் நிலச்சரிவு ஆராய்ச்சியைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். ஒரு சந்தேகம். நிலநடுக்கம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடிவதில்லை. அப்படியிருக்க, அது வந்தால் எந்த மலை விழும் என்று கணக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது? நாள் தெரியாத கல்யாணத்துக்குப் பந்தல் போடுகிற கதைதானே?

இன்னொன்று. பெரிய நடுக்கத்தையே தாங்கி நின்றுவிட்ட மலைச்சரிவை இனிப் பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

ம.

அன்புள்ள ம.,

நாள் குறிப்பது கீஃபர் எடுத்துக்கொண்ட வேலையே இல்லை. பந்தலை எங்கே போடக் கூடாது என்பதுதான் அவருடைய கேள்வி.

அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையில் இருந்தவர் அவர். உலகம் முழுக்க நடந்த 40 நிலநடுக்கங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் எங்கே, எந்த மாதிரி மண்ணும் பாறையும் சரிந்தன என்று வகைபிரித்து 1984-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ரிக்டர் 4 அளவுக்குக் கீழே நிலச்சரிவு அநேகமாக இல்லை. 9.2 என்றால் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் வரை பரவலாம். எனக்கு மறக்காமல் நிற்பது வேறொன்று. வெறும் 0.3 டிகிரி சாய்வில் இருக்கும் நிலம்கூடப் பக்கவாட்டில் நழுவியிருக்கிறது. கண்ணுக்கு அது சமதரை. அடியில் நீர் ஊறிய மணல் இருந்தால் போதும், குலுங்கும்போது கூழாகிவிடும்.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு தடித்த புத்தகத்தின் ஒரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, மேலே ஓர் அழிரப்பரை வையுங்கள். அது நழுவாத சாய்வில் நிறுத்திக்கொண்டு புத்தகத்தின் விளிம்பை விரலால் தட்டுங்கள். மெல்லத் தட்டினால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் ஓங்கித் தட்டினால் ரப்பர் ஒரு நூல் இறங்கி நின்றுகொள்ளும். மறுபடி தட்டினால் இன்னொரு நூல். இறங்கியது மேலே ஏறாது.

அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் நேத்தன் நியூமார்க் 1965-ல் அணைகளையும் மண்கரைகளையும் மனதில் வைத்துச் சொன்ன கணக்கு ஏறக்குறைய இதுதான். ஒவ்வொரு சரிவுக்கும் அது தாங்கக்கூடிய முடுக்கம், அதாவது குலுக்கலின் வலு, ஒன்று உண்டு. அதிர்வு அதைத் தாண்டும்போதெல்லாம் மண் கொஞ்சம் நழுவுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் மொத்தம் எத்தனை சென்டிமீட்டர் என்று கிடைக்கும். கலிபோர்னியாவில் 1979-ல் வந்த கொயோட்டி லேக் நிலநடுக்கத்தில் சரிந்த ஓர் இயற்கையான சரிவுக்கு இதைப் போட்டுப் பார்த்தவர்கள் கீஃபரும் அவருடைய சக ஆய்வாளர் ஒருவரும். மண் என்ன ரப்பர் மாதிரி ஒரே துண்டாகவா இருக்கும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால் வருகிற எண்ணை அப்படியே நம்ப மாட்டார்கள். எந்தச் சரிவு முதலில் போகும், எது அப்புறம் போகும் என்று வரிசைப்படுத்த அது போதும். நிலச்சரிவு அபாய வரைபடத்தில் ஆபத்தான இடங்களுக்குச் சிவப்பு அடிப்பது அந்த வரிசையை வைத்துத்தான்.

பயன் என்ன என்று கேட்டீர்கள். பெருவில் வாஸ்கரான் மலையிலிருந்து 1962-ல் பனியும் பாறையும் இடிந்து இறங்கி ரன்ராயிர்கா ஊரை அழித்தன. அன்று நிலநடுக்கமே இல்லை. பக்கத்து ஊரான யுங்காய் தப்பித்தது, நடுவில் ஒரு மேட்டுமுகடு இருந்ததால். 1970 மே 31 அன்று 7.9 அளவில் பூமி குலுங்கியபோது அதே சிகரம் மறுபடி இடிந்தது. இந்த முறை இறங்கியது பல மடங்கு. அந்த முகட்டையே தாண்டி வந்து சில நிமிடங்களில் யுங்காயை மூடிவிட்டது. கல்லறைக் குன்றின் மேல் ஓடி ஏறியவர்கள் பிழைத்தார்கள். எந்த நாள் என்பது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. எந்த இடம் என்பது எட்டு வருடமாக எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடந்தது.

கணக்கில் வராத சேதமும் உண்டு. 1994-ல் கலிபோர்னியாவின் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் 11,000-க்கும் மேற்பட்ட சரிவுகளை உண்டாக்கியது. அவற்றிலிருந்து கிளம்பிய புழுதியில் மண்ணில் வாழும் ஒரு பூஞ்சையின் வித்துகள் இருந்தன. அதைச் சுவாசித்து 203 பேர் நுரையீரல் காய்ச்சலில் படுத்தார்கள், மூன்று பேர் இறந்தார்கள். நிலச்சரிவு ஆராய்ச்சியில் இப்படி ஒரு பக்கம் வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

சரி, உங்கள் இரண்டாவது கேள்வி. ரப்பரிடமே பதில் இருக்கிறது. ஒரு நூல் இறங்கி நின்றுவிட்ட சரிவு, பார்ப்பதற்கு நிற்கிற சரிவுதான். உள்ளே பிடிப்பு விட்டிருக்கும், மேலே விரிசல் ஓடியிருக்கும், அடுத்த மழைக்கு நீர் நேரே அதில் இறங்கும். சீனாவில் 2008 வென்சுவான் நிலநடுக்கத்தின்போது மலையிலிருந்து சரிந்த கல்லும் மண்ணும் வென்ஜியா ஓடையில் குவிந்து கிடந்தன. இரண்டு வருடம் கழித்து, 2010 ஆகஸ்டில், ஒரு பெருமழையில் அந்தக் குவியல் குழம்பாகி ஓடி வந்து சிங்பிங்கில் புதிதாகக் கட்டியிருந்த வீடுகளைப் புதைத்தது.

அதனால் நடுக்கத்துக்குப் பிறகு மலை விளிம்பில் நீளமான விரிசல் தெரிந்தால், இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து இடைவெளியை டேப்பால் அளந்து தேதி போட்டு எழுதி வைப்பார்கள். மழை பெய்தபின் போய் மறுபடி அளப்பார்கள். இடைவெளி கூடிக்கொண்டே போனால், கீழே இருக்கும் வீடுகளைக் காலி செய்ய நாள் நட்சத்திரம் பார்க்க வேண்டியதில்லை.