அம்மாவை ஆராய்ச்சியில் சேர்க்கச் சொல்றாங்க, கையெழுத்துப் போடலாமா?

தம்பி, குடியாத்தத்துல இருந்து அம்மாவை வேலூருக்குக் கூட்டிட்டு வந்த இடத்துல, மார்புக் கட்டி ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஆராய்ச்சிப் படிவத்தை நீட்டினாங்க, "எலி மாதிரி சோதிக்கிறாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க. எங்க அக்காவுக்கும் இப்படி ஒரு படிவம் வந்தப்போ எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

தமிழ்ப் படிவம் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு போங்க. அக்கா காட்பாடி ஸ்டேஷன் பெஞ்சுல உட்கார்ந்து, புரியாத ஒவ்வொரு வரிக்குக் கீழயும் பேனாவால கோடு போட்டா. மறுநாள் டாக்டர்கிட்ட 11 கேள்வி. எல்லாத்துக்கும் பதில் வாங்கின பிறகுதான் கையெழுத்து.

யாருக்குப் புது மருந்து, யாருக்கு இல்லைன்னு சீட்டுக் குலுக்கின மாதிரிதான் பிரிப்பாங்க. புது மருந்து கிடைக்காதவங்களுக்கு என்ன சிகிச்சைன்னு கட்டாயம் கேளுங்க. வழக்கமான முழு சிகிச்சைன்னு எழுத்துல இருக்கணும். சிடிஆர்ஐ, அதாவது இந்தியாவுல நடக்கிற மருத்துவ ஆராய்ச்சிகளோட பதிவேட்டுல, அந்த ஆராய்ச்சிக்குக் கொடுத்த பதிவு எண்ணும் பாருங்க. நடுவுல விலகவும் உரிமை உண்டு.

மும்பை டாட்டா மருத்துவமனை தலைமையில நடந்த ஒரு ஆராய்ச்சியில மார்புப் புற்றுநோய் வந்த 1,600 பெண்கள் சேர்ந்தாங்க. ஆபரேஷனுக்குச் சில நிமிஷம் முன்னாடி பாதிப் பேருக்குக் கட்டியைச் சுத்தி லிடோகைன் ஊசி. பல்லு பிடுங்கும்போது போடுற அதே மரப்பு மருந்துதான்! 5 வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க, ஊசி போடாதவங்கள்ல 86.4 சதவீதம், போட்டவங்கள்ல 90.1. 2023ல முடிவு வந்துச்சு. அந்தப் பெண்கள் சம்மதிக்கலைன்னா இது யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?

அம்மாவுக்கு மனசு ஒப்பலைன்னா தாராளமா மறுக்கலாம். ஆபரேஷன் தேதியை மட்டும் தள்ளிப் போடாதீங்க தம்பி.