நவம்பர்ல கோ தாவோ: படகு ஓடுமா?

நவம்பர் நடுவுல பாங்காக் போய்ட்டு, அப்படியே அமைதியா இருக்க தாய்லாந்தோட கோ தாவோ தீவுக்குப் படகுல போலாமான்னு கேட்டிருந்தீங்க. தாவோ வேண்டாம், பாங்காக் பிளானை அப்படியே வச்சுட்டு தீவை மட்டும் கோ லான்டாவுக்கு மாத்துங்க. படகு மொத்தமா நின்னுடாது, ஆனா காத்து பலமா அடிச்சா அன்னிக்கு கேன்சல்தான், ரிட்டர்ன் ஃப்ளைட்டுக்கு முந்தின நாள் அங்க மாட்டிக்கிட்டா ரொம்ப கஷ்டம்.

காரணம் நம்ம சென்னையை நனைக்கிற அதே வடகிழக்கு பருவக்காத்து. தாய்லாந்து வளைகுடாவுல இருக்கற சமுய், பங்கன், தாவோ மூணு தீவுக்கும் நவம்பர்தான் பெருமழை. மேற்கே அந்தமான் கடல் பக்கம் அப்பதான் மழை விட்டு வானம் வெளுக்க ஆரம்பிக்கும், லான்டா அந்தப் பக்கம், ஃபுக்கெட் அளவுக்கு கூட்டமும் கிடையாது, நீங்க கேக்கற அமைதி அங்கதான் இருக்கு.

பாங்காக்லேர்ந்து நைட் ட்ரெயின்ல தெற்குல இருக்கற திராங் ஊர், அங்கேர்ந்து வேன், வேனோடயே ஃபெர்ரில ஏறிடலாம். டிக்கெட்ல ஸ்டேஷன் பேரைப் பாத்துக்குங்க, 2023லேர்ந்து தெற்கே போற எக்ஸ்பிரஸ் எல்லாம் பாங்காக்கோட புது ஸ்டேஷனான க்ருங் தெப் அபிவத்லேர்ந்துதான், பழைய ஹுவா லம்போங்ல போய் நின்னுடாதீங்க.

தாவோ டிக்கெட்டை ரத்து பண்ண முடியலன்னா, கிளம்பறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி தாய்லாந்து வானிலைத் துறை சைட்ல சின்னப் படகுகளுக்கு எச்சரிக்கை இருக்கான்னு பாருங்க.

லான்டாவுலயும் நவம்பர் தொடக்கத்துல மழை மிச்சம் இருக்கலாம். எந்தத் தீவானாலும் ஃப்ளைட்டுக்கு முன்னாடி ஒரு நாள் பாங்காக்ல விட்டு வைங்க.